பச்சைப் பையும் இன்ஜின் தகடும்

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ரப்பர் கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்வைக்கு எல்லாக் கையுறையும் நல்ல கையுறைதான். தண்ணீர் ஊற்றினால்தான் யோக்கியதை தெரியும். வேலை முடிந்து கிளம்பும்போது இந்தப் புத்தியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வர முடியவில்லை. பசாரில் மீன்காரர் சிரித்துப் பேசினால் செவுளை இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பேன். சொந்தக்காரர் யாராவது தேடி வந்து நலம் விசாரித்தால், அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் இவருக்கு நம்மிடம் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று யோசித்து வைத்துவிடுவேன். "ஒங்க கண்ணு மட்டும் வீட்டுலயும் ஓவர்டைம் செய்யுது" என்பாள் என் மனைவி. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், கரங்கான் அண்ணனின் பைக்குள் கையை விடும் வரைக்கும்.

என் பொழுதுபோக்கு பழைய ரயில். ரயிலில் ஏறி ஊர் சுற்றுவதைச் சொல்லவில்லை. நீராவி இன்ஜின்கள் ஓடிய காலத்து மிச்சம் மீதி எங்கெங்கே கிடக்கிறது என்று தேடிப்போய்ப் பார்ப்பதைச் சொல்கிறேன். மின்சார ரயில் வந்து இரட்டைப் பாதை போட்டபோது, பழைய ஒற்றைப் பாதையின் தண்டவாளங்கள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தன. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே ஒரு வீட்டு வேலிக்கு அதுதான் கம்பம். ஒருநாள் மழை விட்ட பிறகு அந்தப் பக்கமாக நடந்து போனேன். நனைந்த இரும்பின் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்துத் தெரிந்தன. எந்த ஆலையில் உருட்டியது, ஒரு கஜத்துக்கு எத்தனை பவுண்டு எடை, எந்த வருடம் என்று எல்லாம் அதன் உடம்பிலேயே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் முதன்முதலாக, நான் கேட்காமலே உண்மையைச் சொல்லும் ஒரு பொருளைப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி பிரஷும் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? வேலிக் கம்பத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவனைப் பழைய இரும்பு திருடுகிறவன் என்று நினைத்து ஒரு வீட்டுக்கார அம்மா காவலுக்கு இருந்த ஜாகாவைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு முறை, ரயில் பாதைப் பக்கம் நின்றதற்கு மின்சாரக் கேபிள் வெட்ட வந்தவனா என்று போலீஸ்காரர் ஒருவர் நான் ஓட்டி வந்த காடியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி மட்டும் இருந்தது. அதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பொழுதுபோக்கு என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, கேபிள் திருடன் என்றே சொல்லியிருக்கலாமோ என்று பட்டது. வீட்டில் மனைவிக்கு வேறு விதமான சந்தேகம். கையும் சட்டையும் கறையாகத் திரும்பி வந்த பிறகுதான் அது கொஞ்சம் தீர்ந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளி கரங்கான் அண்ணன்தான். கரங்கானில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கோலாலம்பூரில். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தியலால் தட்டிவிட்டு, இந்தத் தண்டவாளத்துக்குள் விரிசல் இருக்கிறது, இதில் இல்லை என்று காதாலேயே சொல்லிவிடுவார். சுங்கைப் பட்டாணியில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் முதலில் பார்த்தேன். இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் பிஷ் பிளேட் ஒன்று குவியலில் கிடந்தது. நான் ஒரு முனையைப் பிடித்தபோது மறுமுனையை இன்னொரு கை பிடித்தது. "நீங்களும் பைத்தியமா தம்பி?" என்று கேட்டார். அப்படிக் கேட்டவரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

அவர் தோளில் எப்போதும் ஒரு பச்சைப் பை தொங்கும். சாப்பிடும்போதுகூட மடியில்தான் வைத்துக்கொள்வார். அதிலிருந்து தாள் எடுப்பார், மெழுகுப் பென்சில் எடுப்பார், எழுத்து இருக்கும் இடத்தில் தாளை வைத்துத் தேய்ப்பார். எழுத்து அப்படியே தாளில் ஏறி வந்துவிடும். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பார்க்கலாம், படம் எடுக்கலாம், தாளில் தேய்த்து எடுக்கலாம். பொருளைக் கொண்டுபோகக் கூடாது. சட்டம் போட்டவரே அவர்தான்.

ஆனால் அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குள் முதல்முறை நுழைந்தபோது எனக்குத் தலை சுற்றியது. சிவப்புக் கண்ணாடி விளக்கு, பித்தளை விசில் பிடி, ரயில் பெட்டிக் கதவின் எண், கூடை நிறைய ஆணிகள். ஒவ்வொன்றையும் காட்டி "இது எங்கண்ணே கெடச்சது?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான். "கெடச்சது தம்பி." எங்கே, எப்போது, யார் கொடுத்தது, எதுவும் கிடையாது. கேங்கில் இருந்தவர், ஆட்கள் தெரியும், கொடுத்திருப்பார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அந்தக் "கெடச்சது" மட்டும் மனத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

சிடாம் கிரியைத் தாண்டி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் ரயில் முனியாண்டி கோவில் இருப்பதாக எனக்குச் சொன்னது என்னோடு வேலை செய்யும் ஒருவர். கோவில் என்றால் நாலு கம்பமும் தகரக் கூரையும்தான். முனியாண்டிக்குச் சிலை கிடையாது. மண்ணில் செங்குத்தாக நட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அதன் நெற்றியில் இரண்டு போல்ட்டில் முடுக்கிய நீள்வட்ட இரும்புத் தகடு. அதுதான் சாமி. முன்னால் சுருட்டும் எலுமிச்சம்பழமும் வைத்திருப்பார்கள். ரப்பர் பால் வெட்டு இருந்த காலத்தில் அந்தத் தோட்டத்தில் இன்ஜின் ஒன்று ஓடியதாம். ஒரு குறிப்பிட்ட மரத்தடிக்கு வந்தால் காரணமில்லாமல் நின்றுவிடுமாம். சுருட்டுப் படைத்த பிறகுதான் நகர்ந்ததாம். இன்ஜினை விற்றபோது ஜனங்கள் அதன் தகட்டை மட்டும் கழற்றி மரத்தடியில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது கதை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. முனியாண்டியைச் சொல்லவில்லை, இன்ஜினைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நான் கேட்டறிந்த வரையில் பெரும்பாலும் கையால் தள்ளிய வண்டிகள்தான். "எங்க தோட்டத்துல இன்ஜினே ஓடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பார்த்தவர் யார் என்று கேட்டால் ஆள் இருக்காது. அந்தத் தகடு ரப்பர் ஆலையின் பாய்லரில் இருந்ததாகக்கூட இருக்கலாம். உண்மையில் இன்ஜின் தகடாக இருந்தால் அதில் தயாரிப்பு எண் இருக்கும். அந்த எண் தெரிந்தால் போதும், எங்கே செய்தது, எந்த அகலப் பாதைக்குச் செய்தது என்று பிடித்துவிடலாம். ஆனால் எத்தனையோ வருடத்து எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தன. கீழ்விளிம்பில் நாலும் ஏழும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன.

கோவிலைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. முன்பு பால் வெட்டியவர், பிறகு செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவர். வெள்ளியும் ஞாயிறும் வந்து விளக்கு வைப்பார். தகட்டைக் கொஞ்சம் துடைத்துக் காட்ட முடியுமா என்று நாலைந்து முறை கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் போனில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுப்பேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, வரும்போதெல்லாம் சாமி மொகத்துல நம்பர் தேடுற? நாலு நம்பர் எழுதவா?"

குலுக்கலில் நாலு இலக்கம் எழுதுவதற்கு எண் தேடி வந்தவன் என்று நினைத்துவிட்டார். இல்லை அக்கா, ரயில் சரித்திரம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று என்னோடு வந்திருந்த கரங்கான் அண்ணன் அப்படியெல்லாம் கேட்கவே இல்லை. கைகட்டி நின்று கும்பிட்டார், விபூதி பூசிக்கொண்டார், போல்ட்டுகளை மட்டும் உற்றுப் பார்த்தார். காடியில் திரும்பி வரும்போது சொன்னார்:

"போல்ட்டு ரெண்டும் துரு ஏறிப் போச்சு தம்பி. இப்புடியே உட்டா ஒருநா தானா வுழுந்து ஒடஞ்சிரும். யாராச்சும் பக்குவமா கழட்டி பத்திரமா வெச்சா தேவல."

நான் வெறுமனே தலையாட்டினேன். ஆனால் அந்தப் பேச்சையும் "கெடச்சது" பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு அண்ணன் வரவில்லை. முட்டி வலி என்று செய்தி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறும் முட்டி வலி. மூன்றாவது ஞாயிறு நான் தனியாகச் சிடாம் கிரிக்குப் போனேன். கோவிலுக்கு முன்னால் கல்லும் மணலும் கொட்டிக் கிடந்தன. அக்கா இன்னும் வந்திருக்கவில்லை. தண்டவாளம் மட்டும் நின்றது, நெற்றியில் இரண்டு ஓட்டைகளோடு. தகட்டைக் காணோம்.

பக்கத்து வரிசையில் குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியத் தொழிலாளியிடம் மலாயில் விசாரித்தேன். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் வயதான ஒருவர் வந்து நெடுநேரம் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார் என்றான். எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"பாவா பெக் ஹிஜாவ்" என்றான். பச்சைப் பை வைத்திருந்தாராம்.

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்; அதில் எனக்கு நல்ல பழக்கம்.

"முட்டி எப்புடிண்ணே இருக்கு?"

"அப்புடியேதான் கெடக்குது தம்பி. ரெண்டு வாரமா வீட்ட உட்டு நகரல."

"கோயில் பக்கம் போனீங்களா?"

"இல்ல லா. எங்க போறது?"

கசிந்துவிட்டது என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம்தான், ஆனால் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு வருத்தம் வருவதற்கு முன்னால் ஒருவிதத் திருப்தி வந்தது. பார்த்தாயா, எனக்கு அப்போதே தெரியும் என்ற திருப்தி. ஐந்து வருடம் ஒன்றாகச் சுற்றிய மனிதரைப் பற்றி எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

மறு ஞாயிறு காலையில் முட்டிக்குத் தேய்க்கிற தைலம் ஒன்றை வாங்கிக்கொண்டு கரங்கானுக்குப் போனேன். தைலம் ஒரு சாக்கு. அண்ணன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "பசியாறிட்டியா?" என்று கேட்டார். நடையில் நொண்டல் இல்லை என்பதைக் கவனித்தேன். கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு, பால் சேர்க்காத தே ஓ கலக்க உள்ளே போனார்.

நான் உட்காரவில்லை. மேசைக்குக் கீழே பால்மாவு டின் ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு போல்ட்டுகளை ஊறப் போட்டிருந்தார். டின்னின் அடியில் குங்குமம் சிவப்பாகப் படிந்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பச்சைப் பை நாற்காலியில் இருந்தது. அது அவர் தோளை விட்டு இறங்கி நான் பார்த்தது அன்றுதான். சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பையின் ஜிப்பை இழுத்துக் கையை உள்ளே விட்டேன். மடித்த பெரிய தாள் ஒன்று விரலில் பட்டது. பாதி இழுத்தேன். நீள்வட்டம். அதற்குள் கறுப்பாக எழுத்து.

"என்னா தம்பி தேடுற?"

இரண்டு கையிலும் கோப்பையோடு வாசலில் நின்றார். என் கை இன்னும் பைக்குள்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவன் நான். கோபப்பட்டேன்.

"பிளேட்டு எங்கண்ணே?"

அவர் கோப்பைகளை மேசையில் வைத்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா? சாமிண்ணே அது. ஜனங்க கும்புடுற சாமி. வீட்ட உட்டே நகரலன்னு எங்கிட்ட பொய் சொன்னீங்கல்ல?"

"தம்பி, கொஞ்ச நாளு பொறு" என்றார். அவ்வளவுதான்.

திருடியவர்கள் எல்லோரும் கேட்பது கொஞ்ச நாள்தான் என்று எனக்குத் தோன்றியது. கொட்டகைச் சுவரில் சாமி படம் இருந்தது, அதன் கீழே சூடப் பெட்டி. ஒரு கட்டியை எடுத்தேன். நாங்கள் முதன்முதலில் ஆளுக்கொரு முனை பிடித்த அந்தப் பிஷ் பிளேட் மேசையில் கிடந்தது. அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினேன்.

"அந்தப் பிளேட்டுல நான் கை வெக்கல, நான் கழட்டலன்னு சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணுங்கண்ணே. இப்பவே ஒங்க கால்ல வுழுந்துட்டுப் போயிர்றேன்."

எங்கள் ஜனங்களிடையே இதற்கு மேல் வழக்கு கிடையாது. எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பத்தையே வாட்டும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அண்ணனின் வலது கை மேசையிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது. சுடரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை மறுபடியும் மேசைக்கே போய்விட்டது. சூடம் முழுவதும் எரிந்து, இரும்பின்மேல் கரும்புள்ளியாக முடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தே ஓ ஆறுது. குடி" என்றார்.

நான் குடிக்கவில்லை. காடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் தினமும் காலையில் ஏதாவது ஒரு பழைய இன்ஜின் படத்தைப் போனில் அனுப்பி வணக்கம் சொல்வார். அந்த வாரம் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் போனைப் பார்த்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்: "அந்த மனுசன் அந்தச் சாமானத்த வெச்சி என்னா செய்யப் போறாரு? அவரு வீட்டுக்கு ஒங்களத் தவிர யாரு போறா, காட்டிப் பெரும அடிக்க?" ஆனால் போல்ட்டு இருக்கிறது, தாள் இருக்கிறது, சூடம் இருக்கிறது என்று எனக்கு நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு அன்று அக்காவிடம் சொல்லிவிடுவது என்று சிடாம் கிரிக்குப் போனேன். கோவிலில் சிமெண்டு மேடை எழும்பியிருந்தது. அக்கா நடுவில் நின்று கட்டடக்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, தகட்டை யார் எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குந்தான் தெரியும். நாந்தான கழட்டச் சொன்னேன்?"

என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிட நடைதான். சாமி அறை மூலையில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. அதன்மேல் மஞ்சள் துணி. துணியை எடுத்தார். உள்ளே நெல். அலோர் ஸ்டார் பக்கமிருந்து வரவழைத்ததாம். மேடை கட்டி முடித்துத் திரும்ப நிறுத்தும் வரை சாமி நெல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது முறை. முழங்கை வரை கையை விட்டு நெல்லை விலக்கினார். தகடு தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்துச் சுத்தமாக இருந்தது. தயாரித்த ஊர், வருடம், எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மூன்று வருடமாக நான் தேடிய எண் அது. நின்று படிக்க எனக்குத் தோன்றவில்லை.

"போல்ட்டு ஒடஞ்சி சாமிக்கு அடிபட்டிரக் கூடாதுன்னு அந்த ரயில்வே அண்ணனக் கூப்புட்டேன். ரெண்டு ஞாயிறு வந்து எண்ணெ விட்டு எண்ணெ விட்டு, ஒரு கீறல் இல்லாம கழட்டிக் குடுத்தாரு. போல்ட்ட மட்டும் சுத்தம் பண்ணித் தரேன்னு கொண்டு போனாரு. சாமி எங்க இருக்கு, யாரு கழட்டுனான்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு உடக் கூடாதுன்னு சூடம் அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"எதுக்குக்கா அவ்வளவு ரகசியம்?"

அக்கா என்னை நேராகப் பார்த்தார். மழுப்புகிற ஆள் இல்லை அவர்.

"ஒனக்குப் பயந்துதான் தம்பி. நீதான் சும்மா சும்மா போட்டோ புடிச்ச, நம்பர் கேட்ட, தொடச்சிக் காட்டுன்னு கேட்ட. என்னைக்காச்சும் தூக்கிட்டுப் போயிருவன்னு எனக்கு ஒரு இது. அந்தத் தம்பிக்கு முக்கியமாச் சொல்லாதீங்கன்னு சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல. அவன் அப்புடிப்பட்ட ஆளு இல்ல, அவன் கண்ணுதான் நோண்டும், கையி வெக்க மாட்டான்னு அர மணி நேரம் எங்கூட சண்ட. அவனுக்குச் சொல்லலன்னா பொய் சொல்ல வேண்டி வரும், அது எனக்குக் கஷ்டம்னாரு. நாந்தான் விடல."

அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கை வைக்க மாட்டான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதே கையைத்தான் நான் அவர் பைக்குள் விட்டேன். கழற்றியது அவர்தான், கழற்றவில்லை என்று சூடத்தில் அடித்தால் பொய்ச் சத்தியம். கழற்றினேன் என்று சொன்னால் முதல் சத்தியம் போய்விடும். நான் கொளுத்திய சூடத்துக்கு முன்னால் அவர் என்னதான் செய்திருக்க முடியும்? அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காடியில் உட்கார்ந்து போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லு தம்பி."

"அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்கண்ணே."

"அவங்களே சொன்னாங்கன்னா செரி. என் வாயால வரல" என்றார். அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே."

"உடு லா. சாமி நிறுத்துற அன்னைக்கி காலைலயே வந்துரு. ரெண்டு போல்ட்டு மாட்டணும், ஒத்தையா முடியாது."

அன்றைக்குப் போனேன். புது மேடையில் பழைய தண்டவாளம் நின்றது. பூசை நடக்க, நான் தகட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், அண்ணன் முடுக்கினார். மண்ணெண்ணெயில் ஊறிய போல்ட்டுகள் விரலாலேயே உள்ளே போயின. அக்கா என்னைத் தகட்டைத் தொடவிட்டார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதல் குங்குமம் வைத்து முடித்ததும் அண்ணன் பச்சைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். நான் பாதி இழுத்துவிட்டு நிறுத்திய அதே தாள். பின்பக்கம் மெழுகுப் பென்சிலில் 'தம்பிக்கு' என்று எழுதியிருந்தது. இரண்டு தாள் தேய்த்தாராம், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"நம்பரு செரியான்னு செக் பண்ணிக்க. பாய்லர் பிளேட்டா இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். எண்ணை இணையத்தில் ரயில் பிரியர்கள் குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். இதுவரை போடவில்லை. போடப்போவதும் இல்லை.

அன்று கோவிலிலிருந்து அண்ணனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மனைவி சமைத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டார், சிரித்துப் பேசினார், பெட்டிக் கதவு எண் எப்படிக் கிடைத்தது என்பதைக்கூட முதன்முறையாகச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, தோளிலிருந்து பையை இறக்கி என் காடியின் முன்பக்கத்தில் வைத்து ஜிப்பை முழுவதும் திறந்தார்.

"பாத்துக்க தம்பி."

வேடிக்கை என்று நினைத்து மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் ஒன்றாகத்தான் சுற்றுகிறோம். காலையில் இன்ஜின் படமும் வணக்கமும் தவறாமல் வருகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் என் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் பையைத் திறந்து வைக்கிறார். வேண்டாம்ணே என்று கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒருமுறை அழுதும் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை, அதே சிரிப்புதான். உள்ளே கம்பி பிரஷ், தாள் சுருள், மெழுகுப் பென்சில், தண்ணீர்ப் போத்தல், நான் சாக்குக்காக வாங்கிப் போன அந்த முட்டித் தைலம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், திரும்பிப் பார்க்கும் வரை அப்படியே நிற்கிறார். அதனால் பார்க்கிறேன்.